சென்சார்கள் மலிவாகிவிட்டன என்கிறார்கள். வீட்டு டேங்குக்கும் கொல்லைக்கும் நம்பி வைக்கலாமா?

வைக்கலாம். வாங்கும் முன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: இது செத்துப்போனால் எனக்குத் தெரியுமா? அதை யோசிக்காமல் வைத்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். 14 வருடமாக பிரஷர், லெவல், டெம்பரேச்சர் என்று சென்சார்களோடுதான் பிழைப்பு. வீடு முதுநகரில். மாடியில் 1000 லிட்டர் கறுப்பு டேங்க். அது நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கும். அவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்கு மோட்டார் ஓடுவதே ஞாபகம் வரும். தானாக நிற்கிற மாதிரி நானே ஒன்று செய்துவிடுகிறேன் என்று இறங்கினேன்.

புரோகிராம் எழுதி ஓட்டுகிற குட்டிக் கணினியான ஆர்டுயினோ போர்டு ஒன்று, அது சொன்னால் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற சுவிட்சான ரிலே ஒன்று, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். இந்த சென்சாரைப் பார்த்திருப்பீர்கள், ஆந்தை முழிக்கிற மாதிரி இரண்டு கண் இருக்கும். 100 ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு கண் 40,000 ஹெர்ட்ஸில் நம் காதுக்குக் கேட்காத ஒலியை விடும், தண்ணீரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை மற்றது வாங்கும். ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஏறத்தாழ 6 மில்லி விநாடி. நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். கத்திரி வெயிலில் டேங்குக்குள் காற்று சூடாகி ஒலி கொஞ்சம் வேகமாகப் போகும், அளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தப்பும். குளிக்கிற தண்ணீருக்கு இது போதாதா?

மூடியில் ஓட்டை போட்டு மாட்டினேன். தூரம் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் மோட்டாரைப் போடு, 20-க்குக் கீழே வந்தால் நிறுத்து. அவ்வளவுதான் புரோகிராம். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் சமாதானமாகிவிட்டார்.

தீபாவளி அன்று விடியற்காலை நாலரை மணி. வீட்டில் அத்தனை பேர் தலையிலும் எண்ணெய். சீயக்காய் கரைத்து வைத்தாகிவிட்டது. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. கீழே சுவரில் 'டேங்க் ஃபுல்' பச்சை விளக்கு பளிச்சென்று எரிகிறது.

"டேய், ரொம்பியிருக்குன்னு சொல்லுதுடா உன் மெஷினு. கொழாயில காத்துதான் வருது" என்றார் அம்மா, எண்ணெய் கண்ணில் இறங்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

கையில் மோட்டாரைப் போட்டுவிட்டு டார்ச்சோடு மாடிக்கு ஏறினேன். டேங்குக்குள் எந்நேரமும் ஈரம், வெளியே எங்கள் ஊர் உப்புக்காற்று. சென்சாரின் பின்கள் பச்சை பூத்து, ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. எதிரொலி வந்து சேரவில்லை என்றால் அந்த புரோகிராம் தூரம் பூஜ்யம் என்று கொடுக்கும். பூஜ்யம் 20-ஐவிடக் குறைவுதானே? அதனால் டேங்க் நிரம்பி சென்சாரையே தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு மோட்டாரைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறது. சென்சார்மேல் தப்பில்லை. எழுதினவன் நான்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இந்த ஆபத்துக்கான மருந்து என் வேலையில் பாலபாடம். தொழிற்சாலையில் சென்சாரின் அளவைக் கம்பி வழியாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் அனுப்பும். காலி டேங்க் 4, பாதி 12, முழுசு 20. வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் முதலில் கேட்பதே, ஏன் சார் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்றுதான். டேங்க் காலியாக இருந்தாலும் 4 வந்துகொண்டே இருக்கவேண்டும். பூஜ்யம் வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். இதை லைவ் ஜீரோ என்போம். இப்போது வரும் டிரான்ஸ்மிட்டர்கள் இன்னும் ஒரு படி மேலே. தன் உடம்பில் கோளாறு என்று தனக்கே தெரிந்தால், வேண்டுமென்றே 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போய்ச் சொல்லிவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். வருடக்கணக்கில் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

சரி, கொல்லை விஷயம். சித்தப்பாவுக்குப் பண்ருட்டி பக்கம் செம்மண் நிலம், மல்லாட்டை (நிலக்கடலை) போடுவார். அவருக்கு இரண்டு கம்பி நட்டு வைக்கிற மலிவான ஈரப்பத சென்சார் ஒன்று கொடுத்தேன். மண்ணுக்குள் மின்சாரம் விட்டு, எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது அது. ஈர மண்ணில் ஓயாமல் மின்சாரம் ஓடினால் கம்பியின் பூச்சு அரித்துப்போகும். அரித்த பிறகு எப்போதும் 'மண் காய்ந்துவிட்டது' என்றே சொல்லும். அதாவது இது சாகும்போது டேங்குக்கு நேர்மாறாக, மோட்டாரை ஓடவிட்டுச் சாகும். நல்லவேளை, சித்தப்பா அதை நம்பவில்லை.

அடுத்து கெப்பாசிட்டிவ் வகை வாங்கினோம். இதில் உலோகம் மண்ணில் படாது. ஒரு பொருள் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்க எவ்வளவு உதவும் என்பதை மின்கடவா எண் என்பார்கள். தண்ணீருக்கு அது ஏறத்தாழ 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. அந்தப் பெரிய வித்தியாசத்தை வைத்து ஈரத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அது தரும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. செம்மண்ணில் ஒன்று காட்டும், களிமண்ணில் வேறு காட்டும். அதனால் சித்தப்பாவையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அவர் ஒரு சாண் தோண்டி மண்ணை அள்ளிப் பிடிப்பார். உருண்டை நின்றால் வேண்டாம், உதிர்ந்தால் பாய்ச்சு. அவர் "பாய்ச்சலாம்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் போர்டில் என்ன எண் என்று குறித்துக்கொண்டேன். அந்த எண்தான் இப்போது அங்கே மோட்டாரைப் போடுகிறது.

பெரிய விஷயங்களிலும் இதே கணக்குதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியால் எங்கள் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் நடந்ததை நாங்கள் மறக்க முடியாது. அதற்குப் பிறகு 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. அதற்காகக் கடலடியில் வைத்திருக்கும் அழுத்தமானிகள் அலை வரும் நாளில் மட்டும் பேசுபவை அல்ல. சும்மா இருக்கிற நாளிலும் இடைவெளி விட்டு அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால் கரையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

என் டேங்கில் இப்போது மூடின முகம் கொண்ட வாட்டர்ப்ரூஃப் சென்சார். அது தண்ணீருக்கு மிக அருகில் அளக்காது என்பதால் கொஞ்சம் உயர்த்தி மாட்டவேண்டும். இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டி சிலிக்கான் பூசியிருக்கிறேன். புரோகிராமில் பூஜ்யம் வந்தால் பச்சை விளக்கு கிடையாது, பஸ்ஸர் அடிக்கும். இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறது. ஒரு முறை கம்பி, ஒரு முறை அணில்.