செக் நாட்டில் ஹாக்கி ஆடப் போகும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சிறுவயது முதல் டொரன்டோவில் ஐஸ் ஹாக்கி ஆடி வருகிறான். செக் குடியரசில் ஒரு சிறு நகரக் கழகம் அடுத்த பருவத்திற்கு அவனை அழைத்திருக்கிறது. அங்கே ஆட்டம் எப்படி வேறுபடும்? அன்றாட வாழ்க்கைக்கு அவன் எவ்வாறு தயாராக வேண்டும்?
— வாசகி, ஸ்கார்பரோ

பதில்: ஆட்டத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கனடாவில் ஆடும் பனித்தளத்தின் அகலம் ஏறக்குறைய 26 மீட்டர். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது 30 மீட்டர். இப்போது அங்கும் சில அரங்குகளில் தளத்தைக் குறுக்கி வருகிறார்கள் என்றாலும், அகலமான தளங்கள் இன்னும் உண்டு. அங்கே பக்கச் சுவரோரம் நின்று அடிக்கும் வட்டு (பந்துக்குப் பதிலாக ஆடும் ‘பக்’) கோலுக்குப் போய்ச் சேர அதிகத் தூரம் கடக்க வேண்டும். எதிராளியை மோதி வீழ்த்தப் பாய்ந்து போகிறவர், அவர் விலகிவிட்டால், தம் இடத்துக்குத் திரும்புவதற்குள் ஆட்டம் கைமாறிவிடும். ஆகவே மோதலைவிட வட்டைத் தம் வசம் வைத்துக்கொண்டு பொறுமையாக வழி தேடுகிறவருக்கே அங்கு மதிப்பு. நல்ல பயிற்சியாளர் வாய்த்தால் இது சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

கடினமானது பயிற்சி இல்லாத நேரம்தான். உடைமாற்றும் அறையிலிருந்தே அதற்குத் தயாராகலாம். காலையில் அறைக்குள் வருகிறவர், இளையவரானாலும் மூத்தவரானாலும், ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் சென்று கைகுலுக்குவது அங்குள்ள வழக்கம். ஒருவர் குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாலும் ஒரு கையை விடுவித்து நீட்டுவார். பொதுவாக எல்லோருக்கும் தலையசைத்துவிட்டுத் தம் இருக்கைக்குப் போகிற புதியவரைக் கர்வி என்று எண்ணிவிடுவார்கள். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது நல்லது. சக ஆட்டக்காரர்களோடு முதல் நாளிலிருந்தே ஒருமையில் பேசலாம். பயிற்சியாளரையும் கழகத்தின் மூத்த பணியாளர்களையும் பன்மையில்தான் அழைக்க வேண்டும். ஒருமைக்கு மாறலாம் என்று சொல்லும் உரிமை மூத்தவருக்கே உண்டு. தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கடையிலோ மின்தூக்கியிலோ மருத்துவரின் காத்திருப்பு அறையிலோ நுழையும்போது, அறிமுகமற்றவர்களுக்கும் ‘தொப்ரீ தென்’ என்று வணக்கம் சொல்லப் பழக வேண்டும். பதிலுக்குப் புன்னகை வராமல் போகலாம். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறர் வீட்டில் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும் என்பதை உங்கள் வீட்டிலேயே அவர் கற்றிருப்பார்.

இன்னொன்று, ஊராருடன் பேச்சு வளர ஹாக்கியின் வரலாறு உதவும். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் புகுந்த அன்றைய செக்கோஸ்லோவாக்கியா, 1969 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் அணியை இருமுறை வென்றபோது மக்கள் தெருவில் திரண்டதை முதியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற செக் ஆட்டக்காரர் யாரொமீர் யாகரின் சட்டையில் உள்ள 68 என்ற எண்ணும் அந்த ஆண்டைக் குறிப்பதே. 1998 நாகானோ ஒலிம்பிக் இறுதியில் டொமினிக் ஹாஷெக் கோலைக் காக்க, செக் அணி ரஷ்யாவை 1–0 என வென்றதையும், 2024இல் பிராகில் சுவிட்சர்லாந்தை 2–0 என வென்று உலகப் பட்டம் பெற்றதையும் அறிந்து செல்லும் இளைஞருக்கு மதுக்கூடத்தில் தனி நாற்காலி கிடைக்கும். காரோட்டிச் செல்பவராக இருந்தால் அங்கே ஒரு மிடறு பியரும் கூடாது. ஓட்டுநரின் இரத்தத்தில் மது சிறிதும் இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

கேள்வி: அவன் மாட்டிறைச்சி உண்பதில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?

பதில்: மதியமே அங்கு முக்கிய உணவு, உணவகங்களில் பதினொரு மணிக்கே சூப்போடு தொடங்கிவிடுகிறது. புகழ்பெற்ற ‘ஸ்வீச்கோவா’ மாட்டிறைச்சிதான். ‘குலாஷ்’ என்பதும் பெரும்பாலும் அதுவே. கோழி எங்கும் கிடைக்கும். பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் உண்டு, ஆனால் ஆட்டத்துக்கு முன் அதைச் சாப்பிட்டால் கால் நகராது. சிறு நகரங்களிலும் வியட்நாமியர் நடத்தும் மளிகைக் கடைகளைக் காணலாம். அரிசி அங்கே கிடைக்கும். சிலவற்றில் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் கூட இருக்கும். சோறு வடிக்கவும் ஒரு கோழிக்குழம்பு வைக்கவும் இந்தக் கோடையிலேயே கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கனடியக் கடவுச்சீட்டு இருந்தால் போதுமா?

பதில்: போதாது. விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம். ஊதியத்துக்கு ஆடவோ பருவம் முழுவதும் தங்கவோ அது இடம் தராது. நீண்டகால அனுமதிக்குச் செக் தூதரகத்தில் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அனைத்துலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் இடமாற்ற அட்டையும் வந்தால்தான் போட்டியில் இறங்க முடியும். அதைக் கழகமும் இரு நாட்டுச் சங்கங்களும் பார்த்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் வீட்டு வாடகை, காப்பீடு, உடைந்துபோகும் மட்டைகளின் செலவு ஆகியவை யார் பொறுப்பு என்று எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்த பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள்.