டிஃப்ராக் செய்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா? மாதம் ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டுமா?

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்கா, சுழலும் பாகமே இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யா? அது தெரியாமல் டிஃப்ராக் பக்கம், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் வேலையின் பக்கம், போகாதீர்கள். பார்ப்பது சுலபம். விண்டோஸ் தேடல் பெட்டியில் 'டிஃப்ராக்' என்று தட்டினால் ஒரு சிறு விண்டோ திறக்கும். அதில் ஒவ்வொரு டிரைவுக்கும் நேராக, 'மீடியா டைப்' என்ற பத்தியில் பதில் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் பலன் உண்டு. உள்ளே தட்டுகள் சுழல்கின்றன, ஒரு முனை அவற்றின் மேல் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை தடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தாவலுக்கு 15 முதல் 18 மில்லி விநாடி ஆகிவிடும். இப்போது 100 எம்.பி. கோப்பு ஒன்று ஒரே தொடராக இருந்தால் ஒரு விநாடி அளவில் படித்து முடியும். அதே கோப்பு 1000 துண்டாகச் சிதறிக் கிடந்தால் தாவுவதிலேயே 15 விநாடிக்கு மேல் போய்விடும். டிஃப்ராக் செய்வது இந்தத் துண்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் வேலைதான்.

சிதறுவதற்கு முக்கியக் காரணம் இடம் இல்லாமை. டிரைவ் நிரம்ப நிரம்ப, புதுக் கோப்பு கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் துண்டு துண்டாக உட்காரும். அடுக்குவதற்கும் காலியிடம் வேண்டும், குறைந்தது 15 சதவீதமாவது. ஆகவே வேண்டாததை அழித்த பிறகு டிஃப்ராக் செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை என்பது விண்டோஸ் 98 காலத்து அறிவுரை. அப்போது நாமே ஓட்டவேண்டும். வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அது எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அப்படி வேடிக்கை பார்க்கும் வண்ணக் காட்சியே போய்விட்டது. வாரம் ஒருமுறை தானாகவே ஓடும் ஏற்பாடும் வந்தது. விண்டோஸ் 10, 11-இலும் அது அப்படியேதான் இருக்கிறது. முதலில் சொன்ன அந்தச் சிறு விண்டோவில் அட்டவணை 'ஆன்' என்று காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எஸ்.எஸ்.டி. கதையே வேறு. அதில் சுழலுவதும் இல்லை, தாவுவதும் இல்லை. துண்டு எங்கே கிடந்தாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். தகவலைச் சேமிக்கும் அதன் செல்களுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு உண்டு. அடுக்குகிறேன் என்று மறுபடி மறுபடி எழுதினால் ஆயுள்தான் குறையும். விண்டோஸ் 8 முதல் அந்த விண்டோவில் டிஃப்ராக் பொத்தானின் பெயர் 'ஆப்டிமைஸ்'. எஸ்.எஸ்.டி.யில் அதை அழுத்தினால், அழித்த கோப்புகளின் இடம் எது என்று டிரைவுக்குச் சொல்லும் 'டிரிம்' வேலை நடக்கும். அது நல்லது. தனி டிஃப்ராக் மென்பொருளை வாங்கி எஸ்.எஸ்.டி.யில் ஓட்டாதீர்கள்.

இந்தப் பதிலை எழுத வந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். என் பழைய லேப்டாப் திடீரென்று மிகவும் மந்தமானது. சிதறல்தான் காரணம் என்று நானே முடிவு செய்து, இரவு டிஃப்ராக்கைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் அது பாதியில் நின்றிருந்தது. ரீஸ்டார்ட் செய்தபோது விண்டோஸ் வரவே இல்லை. டிஸ்க் ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்திருக்கிறது. படிக்க முடியாத இடங்களை அது திரும்பத் திரும்பப் படிக்க முயன்றதால் வந்த மந்தம் அது. அந்த நிலையில் இரவு முழுக்க படி, எழுது, படி, எழுது என்று விரட்டியிருக்கிறேன். மகளின் இரண்டு வருடப் படங்கள் போய்விட்டன. இன்றும் அது மனதை அறுக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் மந்தமானால் சிதறலோ, நிரம்பிய டிரைவோ காரணமாக இருக்கலாம். சில நாட்களிலேயே மந்தமாகி, கோப்பைத் திறக்கும்போது அப்படியே உறைந்து நின்றால், டிக் டிக் என்று சத்தமும் கேட்டால், டிஃப்ராக் வேண்டவே வேண்டாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிரைவுக்குப் பிரதி எடுங்கள். பிறகு டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். நிலை 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால், 'ரீஅலொகேட்டட் செக்டர்' (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), 'கரன்ட் பெண்டிங் செக்டர்' (சரியாகப் படிக்க முடியாத சந்தேக இடங்கள்) ஆகியவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

டிஸ்க் நலமாக இருந்தும் வேகம் போதவில்லையா? விண்டோஸை ஒரு எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். எத்தனை டிஃப்ராக் செய்தாலும் அந்த வித்தியாசம் கிடைக்காது. பழைய ஹார்ட் டிஸ்கைப் படங்கள், வீடியோக்கள் வைக்க வைத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த வாராந்திர அட்டவணையே போதும்.