வேலையை விடாமல் எம்.பி.ஹெச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்): கேள்வி பதில்

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி: மேடம், ஷிஃப்ட் வேலையில் இருக்கிறேன். எம்.பி.ஹெச்.சை கரஸ்ஸில் படித்தால் செல்லுமா?

செல்லுமா என்று தெரிந்துகொள்ள, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் (டெப்) தளத்தில் மூன்றுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்: பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் கல்வியாண்டு. பலர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், படிப்புக்கு அனுமதி இருக்காது. சேருவதற்கு வேண்டிய மாணவர் அடையாள எண்ணான டெப் ஐடியையும் நீங்களே எடுங்கள். "எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்கிற ஏஜெண்டிடம் ஓ.டி.பி. கொடுக்காதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய (பி.ஹெச்.சி.) மருத்துவர்: ஹெல்த் ஆபீசர் ஆக எம்.பி.ஹெச். போதுமா சார்?

நான் மேடம்தான், பரவாயில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பணிக்கு டி.பி.ஹெச். (பொதுச் சுகாதார டிப்ளமோ) அல்லது எம்.டி. சமுதாய மருத்துவம்தான் வழக்கமான பாதை. அறிவிக்கையின் தகுதிப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நோய்ப்பரவியல் ஆய்வுதான் நோக்கம் என்றால் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் (என்.ஐ.இ.) எம்.பி.ஹெச். நல்ல தேர்வு. பட்டம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தினுடையது. ஆனால் அது மாலை நேரப் படிப்பு இல்லை, விடுப்புக்கு வழி தேடிக்கொள்ளுங்கள்.

என்.ஜி.ஓ. ஊழியர்: லண்டன் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தைத் தொலைநிலையில் எம்.எஸ்சி. படிக்க வாரம் எத்தனை மணி நேரம் ஆகும்?

பிரிட்டிஷ் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம் என்பது கணக்கு, ஆக மொத்தம் 1,800 மணி. வாரம் 12 மணி படித்தால் 150 வாரம், ஏறக்குறைய மூன்று வருடம். இரண்டே வருடத்தில் முடிக்க வாரம் 17 மணிக்கு மேல் வேண்டும், குடும்பம் இருந்தால் கஷ்டம்தான். இடையில் நிறுத்தினாலும் 60 கிரெடிட்டில் சான்றிதழ், 120-இல் டிப்ளமோ என்று இறங்கிக்கொள்ளும் வழி உள்ள படிப்பாகப் பாருங்கள். அரசு வேலை குறி என்றால், அந்தப் பட்டம் இந்தியாவில் சமமாக ஏற்கப்படுமா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

சித்த மருத்துவர்: ஆய்வேட்டில் எத்தனை பேரிடம் தரவு எடுப்பது என்பதற்கு (மாதிரி அளவு) எல்லோரும் 384 பேர் என்று எழுதுகிறார்களே, நானும் அப்படியே போடலாமா?

பரவல் (நோய் உள்ளவர்களின் பங்கு) 50%, ஏற்கும் பிழை 5%, நம்பகம் 95% என்று வைத்தால் வரும் எண் அது. 95% நம்பகத்துக்கான 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் (0.5 × 0.5) பெருக்கி 0.0025-ஆல் (0.05 × 0.05) வகுத்துப் பாருங்கள். உங்கள் கிளினிக் பதிவேட்டில் மொத்தமே 600 சர்க்கரை நோயாளிகள்தான் என்றால், அந்தச் சிறிய மொத்தத்துக்கு ஏற்பத் திருத்திய எண் 235 போதும். பத்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று வைத்தால் 262. தனித்தனி ஆட்களாக இல்லாமல் கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுத்தால் எண் கூடும். வேலைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது கணக்கில் இல்லை, அனுமதியில்தான். நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு முன் எடுத்த தரவைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பதிவேட்டைப் பயன்படுத்த மேலதிகாரியின் கடிதமும் தனியாக வேண்டும். இரண்டையும் முதல் வருடக் கடைசியிலேயே தொடங்குங்கள்.

ஐ.டி. ஊழியர்: பயாலஜி படிக்கவில்லை, சேரலாமா?

சில இடங்களில் சேரலாம், தகுதி இடத்துக்கு இடம் மாறும். அதற்குமுன் மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் என்.ஐ.இ. நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை முடித்துப் பாருங்கள். படிக்கக் கட்டணம் இல்லை. அதில் கோஹார்ட், கேஸ் கண்ட்ரோல் என்ற ஆய்வு வகைகள் பற்றிய பாடங்களிலேயே சலிப்புத் தட்டினால், லட்சக்கணக்கில் கட்டாதீர்கள்.