பெட்டைக் குதிரையின் கோபம்: வேட்கையா, வலியா?

கேள்வி: டொக்டர், நிலாவெளிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரரை ஏற்றிச் சவாரி விட ஒரு பெட்டைக் குதிரை வைத்திருக்கிறேன், வயது எட்டு. கச்சான் காற்று தொடங்கிய நாளிலிருந்து குணமே மாறிவிட்டது. வயிற்று வாரை இறுக்கப் போனால் காதை மடித்துக்கொண்டு கடிக்க வருகிறது, ஓடச் சொன்னால் வாலை விசிறிக்கொண்டு நின்றுவிடுகிறது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் பெய்கிறது. பக்கத்து வளவுக்காரர், "இது வேட்கைதான், ஒருக்கா குட்டி போட்டால் அடங்கிவிடும்" என்கிறார். உண்மையா?
வாசகர், நிலாவெளி

பதில்: பெட்டை என்றாலே எல்லாப் பழியும் சூலகத்துக்குத்தான், பாவம்! நீங்கள் முதலில் கொட்டில் சுவரில் ஒரு கலண்டரை மாட்டுங்கள். குதிரையின் சுழற்சி ஏறக்குறைய 21 நாள், அதில் வேட்கை, அதாவது ஆண் குதிரையோடு சேர விரும்பும் காலம், 5 முதல் 7 நாள் வரை. அந்த நாட்களில் வாலைத் தூக்கிப் பின்னங்காலை அகட்டி நிற்கும், சொட்டுச் சொட்டாக மூத்திரம் விடும், யோனி இதழ் திறந்து திறந்து மூடும். ஆனால் வேட்கையில் உள்ள குதிரை பெரும்பாலும் ஆண் குதிரையிடம் இசைந்து போகும். கீச்சிட்டு உதைப்பது வேட்கை இல்லாத நாட்களில்தான். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாரியில் இந்தச் சுழற்சி நின்றுவிடும். திருகோணமலையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம் அளவில்தான் வித்தியாசம் என்பதால், நல்ல தீனி இருந்தால் சுழற்சி வருடம் முழுக்கவும் தொடரலாம். இரண்டு மூன்று மாதம் குறித்து வாருங்கள். கோபம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து போனால் ஹோர்மோனைச் சந்தேகிக்கலாம், தினமும் கடிக்க வந்தால் அது வேறு கதை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு வலி என்றுதான் படுகிறது. சேணத்தைக் கழற்றிவிட்டு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள், எங்கே சதை துடிக்கிறது, எங்கே முதுகைத் தாழ்த்துகிறது என்று தெரியும். வார் படுகிற இடத்தில் வியர்வையும் கடல் மணலும் சேர்ந்து தோலை அரைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். ஆள் வரும்வரை புல் இல்லாமல் மணிக்கணக்காகத் தென்னையில் கட்டி வைத்து, பிறகு வெறும் வயிற்றோடு ஓட விட்டால் அந்த அமிலம் இரைப்பையின் மேல்பகுதியில் அடித்துப் புண்ணாக்கும். வார் இறுக்கும்போது கடிக்க வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சவாரிக்கு முன் கொஞ்சம் புல்லாவது தின்னக் கொடுங்கள். அடிக்கடி மூத்திரம் பெய்வதும் வேட்கையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சலப்பையில் கிருமித் தொற்றோ கல்லோ இருந்தாலும் அப்படித்தான். சில பெட்டைகளுக்கு யோனி சரியாக மூடாமல் காற்று உள்ளே போகும், ஓடும்போது சத்தம்கூடக் கேட்கும், அதனாலும் எரிச்சல் வரும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. பெட்டை ஆண் குதிரை மாதிரி நடந்தால், அதாவது மற்றப் பெட்டைகளை விரட்டி ஏறப் பார்த்தால், கழுத்துத் தடித்து வந்தால், வேட்கை அறவே நின்றுவிட்டால் அல்லது ஓயாமல் இருந்தால், சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பக்கச் சூலகத்தில்தான் வரும், மற்றது சுருங்கிப் போயிருக்கும். அநேகமாகப் பரவாத கட்டி. மிருக வைத்தியர் மலவாசல் வழியாகக் கைவிட்டுப் பார்த்து ஸ்கேன் எடுப்பார், இரத்தத்தில் ஹோர்மோன் அளவும் பார்க்கலாம். அந்தச் சூலகத்தை எடுத்துவிட்டால் குணம் திரும்பும், மற்றச் சூலகம் வேலை தொடங்கப் பல மாதம் ஆகும். உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் வசதி இல்லையென்றால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தோடு அவரைப் பேசச் சொல்லுங்கள்.

குட்டி விஷயத்துக்கு வருகிறேன். சினை 11 மாதம். அந்தக் காலத்தில் வேட்கை வராது, சரி. ஆனால் குட்டி போட்டு இரண்டு வாரத்துக்குள்ளேயே திரும்ப வேட்கைக்கு வந்துவிடும். முதுகில் வலி இருந்தால் அது அப்படியே இருக்கும், தீனிச் செலவுதான் இரட்டிப்பாகும்.

கேள்வி: பெண்களுக்குப் போடுகிற மூன்று மாதக் கருத்தடை ஊசியை, அந்த டிப்போ ஊசியைக் குதிரைக்குப் போட்டால் வேட்கை நிற்குமா? கருப்பைக்குள் கண்ணாடிக் குண்டு வைப்பார்களாமே?
வாசகி, உப்புவெளி

பதில்: ஊசி வேண்டாம், அது குதிரையின் வேட்கையை நிறுத்துவதில்லை. குதிரைக்கென்று அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற மருந்து இருக்கிறது, எண்ணெய் மாதிரி, தினமும் வாயில் கொடுப்பது. மருந்து வேலை செய்யும். ஆனால் அது மனிதத் தோலில் பட்டாலும் உள்ளே போய்விடும், பெண்களுக்கு மாதவிடாயைக் குழப்பும். கர்ப்பிணிகள் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது, மற்றவர்களும் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும், சாதாரண லேடெக்ஸ் கையுறையை அது ஊடுருவும் என்பதால் வைத்தியர் சொல்கிற வகையையே வாங்குங்கள். கண்ணாடிக் குண்டு சில பெட்டைகளில் மட்டும் வேலை செய்யும், உள்ளே உடைந்ததும் உண்டு, வைத்ததை மறந்து குதிரையை விற்றதும் உண்டு. நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.