பழம்பொருள் பட்டறை: தாத்தா போட்ட முலாமை உரிக்கலாமா?

கேள்வி: என் மனைவி அமெரிக்கர். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் இருந்தவர். போன வருடம் பாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மரப்பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒன்று ரெமிங்டன் ராண்ட் என்று பொறித்த பாயிண்ட் 45. இன்னொன்று ஜெர்மன் லூகர். மேலே ‘பிஒய்எஃப்’ என்றும் 42 என்றும் இருக்கிறது. 1950களில் தாத்தா இரண்டுக்கும் கண்ணாடி மாதிரி முலாம் போட்டு, முத்துச்சிப்பி போன்ற பிளாஸ்டிக் பிடியும் மாட்டிவிட்டார். முலாமை உரித்து ராணுவ நிறத்துக்குக் கொண்டுவந்தால் விலை மூன்று மடங்காகும் என்கிறார் மைத்துனர். மனைவிக்கு மனம் வரவில்லை. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகர், சான் அன்டோனியோ, டெக்சாஸ்

பதில்: கடைசிக்கு முந்தின வரியை முதலில் பிடித்துக்கொள்கிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வேட்டை லைசென்ஸ் போலச் சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதுவரை பெட்டியும் சாவியும் உங்கள் மனைவியிடமே இருக்கட்டும். முலாம் விவகாரத்தைவிட இது அவசரம்.

சரி, இனி முலாம். நான் கோயம்புத்தூரில் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் போட்டுத் தொழில் பழகியவன். அப்புறம் 31 வருடம் கனெக்டிகட்டில் முலாம் பட்டறை. துப்பாக்கி செய்யும் கோல்ட் கம்பெனி பிறந்த மாநிலம் அது. உங்கள் தாத்தா செய்தது மாதிரி வெள்ளையடித்த துப்பாக்கிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போர்க்காலத்து 45-க்குக் கொடுத்த பூச்சு பார்க்கரைசிங். கொதிக்கக் காய்ந்த பாஸ்பேட் கரைசலில் முக்கி எடுத்த சாம்பல் நிறம், சொரசொரப்பு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளிச்சத்தில் மின்னாது. போர்க்களத்துக்கு அருமையான பூச்சு, வீட்டுக்கு வருகிறவரிடம் எடுத்துக் காட்டத்தான் லாயக்கில்லை. கார் பம்பருக்குக் குரோம் போட்ட அதே தொட்டியில் இதையும் முக்கித் தரச் சொன்னார்கள். அவ்வளவுதான் கதை.

மைத்துனர் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. முலாம் என்பது அசல் பூச்சின் மேல் போர்த்திய போர்வை, விலக்கினால் அடியில் அசல் பத்திரமாக இருக்கும் என்று அவர் நினைக்கிறார். அடியில் ஒன்றும் இல்லை. முலாம் பளபளக்க வேண்டுமானால் முதலில் இரும்பு பளபளக்க வேண்டும். அதற்காகத் தொட்டிக்குப் போகும் முன்னரே பாஸ்பேட்டை அமிலத்தில் எடுத்து, இரும்பைப் பஃப் என்கிற பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துவிடுவார்கள். உங்கள் துப்பாக்கி இழந்ததெல்லாம் அந்தச் சக்கரத்தில் போனது. நம் வீட்டுப் பித்தளைக் குடத்தில் கொள்ளுப்பாட்டி பெயரை வெட்டியிருப்பார்களே, பாலிஷ் கடைக்கு நான்கு தடவை போய்வந்தால் அந்த எழுத்து எப்படி மழுங்கிவிடுகிறது, அதே சமாச்சாரம்.

எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு 45-ஐக் கையில் எடுத்துப் பார்க்க மனைவியிடம் சொல்லுங்கள். வலது பக்கம் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்டி’ என்று இருக்கும். எழுத்தின் ஓரம் கத்தியாக நிற்கிறதா, சோப்பில் எழுதின மாதிரி வழிந்திருக்கிறதா? இடது பக்கம் எஃப்.ஜே.ஏ. என்று மூன்று சின்ன எழுத்துகள். அது ராணுவப் பரிசோதனை அதிகாரியின் முதலெழுத்து. அப்புறம் திருகாணித் துளைகளின் வாய். அசலில் துளை நறுக்கென்று இருக்கும். பஃப் பட்டதில் சுற்றிலும் தொப்புள் மாதிரிக் குழிந்திருக்கும். வெள்ளைத் தாளின் மேல் வைத்து நிறத்தையும் பாருங்கள். இலேசாக மஞ்சள் அடித்தால் நிக்கல், நீலம் அடித்தால் குரோம். குரோம் என்றாலும் கண்ணில் படும் மினுக்கு முக்கால்வாசி அடியிலுள்ள நிக்கலுடையதுதான். மேலே குரோம் அரை மைக்ரான்கூட இருக்காது.

அமெரிக்கா போன முதல் குளிர்காலத்தில் ஒருவர் இதே ரெமிங்டன் ராண்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்குத் தெரியும் என்று நானே முன்னால் போய் அந்த வேலையை வாங்கினேன். காஸ்டிக் சோடாத் தொட்டியில் மின்சாரத்தைத் திருப்பி விட்டால் குரோம் கண் முன்னால் கரைந்து தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சள் விஷம் என்பது தனி. நிக்கலை உரிக்க வேறு கரைசல், ரொம்ப நேரம் பிடித்தது. அதற்கடியில் ரோஜா நிறத்தில் செம்பு. அதுவும் போன பிறகு வந்த இரும்பில் எஃப்.ஜே.ஏ.-வில் நடு எழுத்து பாதிதான் இருந்தது. போன பாதி 1950களில் யாரோ தேய்த்த கணக்கு. மீதிப் பாதி என் கணக்கு. பரப்பைச் சீராக்குகிறேன் என்று பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றில் அடிக்கும் வீச்சைக் கொஞ்சம் அழுத்திக் கொடுத்துவிட்டேன். பாஸ்பேட் தொட்டியிலிருந்து எடுத்தால் விசைக்காப்பு வளையத்தின் மூலையில் நகக்கண் அளவு ஒரு வெள்ளைத் திட்டு. நிக்கல் மிச்சம் இருந்த இடத்தில் பாஸ்பேட் ஏறவே ஏறாது. மறுபடி எல்லாம் உரித்து, மறுபடி முதலிலிருந்து. வாங்கிப் பார்த்த மனிதர் திட்டவில்லை. எழுத்து எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டார். கூலி வாங்கவில்லை.

லூகர் இன்னும் கஷ்டம். ‘பிஒய்எஃப்’ என்பது மாசர் தொழிற்சாலையின் போர்க்காலக் குறியீடு, 42 என்பது 1942. அதன் அசல் நிறம் பாஸ்பேட் சாம்பல் இல்லை, காஸ்டிக் உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து ஏற்றிய கருநீலம். இந்த நீலம் பரப்பில் உள்ள எதையும் மறைக்காது. பஃப் சக்கரம் போன தடம், மழுங்கிய ஓரம், முலாமுக்கு அடியில் துரு அரித்த புள்ளி எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். போதாததற்கு லூகரில் சின்னச் சின்ன உறுப்புகளில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். சேகரிப்பாளர் அதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தேய்ந்த எண்ணையும் ஜெர்மன் ராணுவப் பரிசோதனையின் கழுகு முத்திரையையும் புதிதாகக் குத்தித் தருகிறேன் என்று சொல்லும் ஆள் கிடைத்தால் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள். முத்திரையைப் புதிதாகக் குத்தி அசல் என்று விற்றால் அது மோசடி. துப்பாக்கியின் வரிசை எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் மத்திய அரசின் சட்டப்படி குற்றம். உரிக்கிற வேலையில் எண் தேய்ந்து போனால்கூட வம்பு.

ஆகவே என் யோசனை: விட்டுவிடுங்கள். அசல் பூச்சு உள்ளதற்குத்தான் சேகரிப்பாளர் பணம் கொடுப்பார். மறுபூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் வாயில் அது மறுபூச்சுதான். நல்ல கைக்காரர் கேட்கும் கூலி, விலையில் ஏறுவதாகச் சொல்லும் வித்தியாசத்தைச் சுலபமாக விழுங்கிவிடும். ஒரே ஒரு நிலையில் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். முலாம் கொப்புளித்து உரிகிறது, ஓரத்தில் துரு ஒழுகுகிறது என்றால் உரித்தே ஆக வேண்டும். நிக்கலில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் துரு நிக்கலைத் தின்னாது, அடியிலுள்ள இரும்பைத்தான் குழி தோண்டும். அப்போதும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறைக்கே அனுப்புங்கள். மறுபூச்சு என்று தேதி போட்டு ஒரு ரசீது வாங்கிப் பெட்டியிலேயே வையுங்கள்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அதன் அடித்தட்டையும் தாத்தாவின் கருவிப் பெட்டியையும் துழாவிப் பார்த்தீர்களா? 45-க்கு வந்த பழுப்பு பிளாஸ்டிக் பிடி, லூகரின் அசல் பிடி இரண்டையும் அவர் கழற்றி எங்கேயாவது போட்டு வைத்திருக்கலாம். கிடைத்தால் ஆறு திருகாணியில் வேலை முடிந்தது, இரும்புக்கு ஒரு சேதமும் இல்லை. இன்னொன்று, கைப்பற்றிய ஆயுதத்தை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று கமாண்டிங் அதிகாரி கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு. லூகரோடு அந்தத் தாள் சேர்ந்தால், குரோம் போட்டதாகவே இருந்தாலும், மைத்துனர் சொல்லும் பூச்சைவிட அதற்கு மதிப்பு.

கேள்வி: யூடியூபில் பார்த்து, தரை கழுவும் அமிலத்தில் ஊறவைத்து முலாமை எடுக்கலாமா?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: வேண்டாம். அமிலம் இரும்பைத் தொடும்போது ஹைட்ரஜன் உள்ளே இறங்கும். கடினப்படுத்திய உறுப்பும் ஸ்பிரிங்கும் பார்க்க நன்றாகவே இருந்து, ஒரு நாள் பிஸ்கட் மாதிரி முறியும். பட்டறையில் அதற்காகவே சுமார் 200 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் சுட்டு எடுப்போம். செம்புக்கறை போக்கும் அம்மோனியா கலந்த துப்பாக்கித் திரவத்தையும் முலாம் போட்டதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நிக்கலுக்கு அடியில் செம்பு இருந்தால் அது உள்ளே புகுந்து செம்பைத் தின்னும். மேலே உள்ளது தோலாகக் கழன்று வரும். மெல்லிய எண்ணெய், பருத்தித் துணி போதும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரம் பிடிக்கும்.

கேள்வி: எல்லா நிக்கல் துப்பாக்கியும் பிற்பாடு முலாம் போட்டதுதானா? இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனுடையதே மின்னுமே?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இல்லை. பேட்டன் 1916-ல் வாங்கிய கோல்ட் ரிவால்வர் வெள்ளி முலாமும் தந்தப் பிடியுமாகவே அவர் கைக்கு வந்தது. அதில் பளபளப்புதான் அசல், உரித்தால் பாவம். தொழிற்சாலையிலேயே நிக்கல் போட்ட பழைய ஸ்மித் அண்ட் வெஸனில் விசையும் சுத்தியலும் பெரும்பாலும் முலாம் இல்லாமல், சூட்டில் வந்த பல நிறச் சாயலோடு இருக்கும். தலை முதல் கால் வரை, திருகாணிகூட விடாமல் வெள்ளை என்றால் சந்தேகப்படுங்கள். உங்களுடையது கோல்ட் என்றால் வரிசை எண்ணைச் சொல்லி அந்தக் கம்பெனியின் ஆவணப் பிரிவுக்குக் கட்டணம் கட்டினால், எந்தப் பூச்சில் எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்று பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள்.

பின்குறிப்பாக ஒன்று. சான் அன்டோனியோ வாசகர் அந்த 45-இன் பெயரை மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். ரெமிங்டன் ராண்ட் தட்டச்சுப் பொறிக் கம்பெனி. போரில் சுமார் 9 லட்சம் கைத்துப்பாக்கி செய்து தள்ளியது. ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலும் சுமார் 55,000 செய்தது. அதே துப்பாக்கியை நம் பாட்டிமார் மிதித்த தையல் மெஷின் சிங்கர் கம்பெனியும் செய்தது, வெறும் 500. பக்கத்தில் சிங்கர் என்று இருந்தால் முலாமைத் தொடாமல், மைத்துனரிடமும் சொல்லாமல், எனக்கு எழுதுங்கள்.