பாசியைத் தின்ன நத்தையை விடலாமா?

கேள்வி: மத்தியதரைக் கடலில் பரவிய காலெர்பா பாசியை ஒழிக்க, அதைத் தின்னும் கடல் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டால் போதாதா?

பதில்: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1984-இல் மொனாக்கோ கடலோரத்தில், அதுவும் கடல் அருங்காட்சியகத்தின் காலடியிலேயே, இந்தப் பாசி தென்பட்டது. கரீபியப் பகுதியின் எலிசியா சுபோர்நாட்டா என்ற ஓடில்லாத நத்தையை இறக்கலாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானிகள் யோசித்தார்கள், ஆனால் கடலில் விடவில்லை. காலெர்பா பார்க்க இலையும் தண்டுமாக இருந்தாலும் முழுச்செடியும் ஒரே செல்தான்; நத்தை அதில் துளையிட்டுச் சாற்றை உறிஞ்சிவிடும். சரி, சிக்கல் எங்கே? முதலில் குளிர், மத்தியதரைக் கடலின் பனிக்காலத்தை அந்தக் கரீபிய நத்தை தாங்காது, வருடாவருடம் புதிதாக விட வேண்டும். அப்புறம், பாசி தின்னும் நத்தையெல்லாம் உதவும் என்றில்லை: அங்கேயே இருக்கும் லோபிகர் என்ற சிறு நத்தை மேயும்போது பாசியைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது, அந்தத் துண்டுகள் மிதந்துபோய் வேறிடத்தில் வேர்பிடிக்கின்றன! களையெடுக்கப் போனவன் விதைத்துவிட்டு வந்த கதை. தவிர, விட்ட உயிரைத் திரும்பப் பிடிக்க முடியாது, 1935-இல் கரும்பைத் தின்னும் வண்டை ஒழிக்கத் தேரைகளை இறக்கிய ஆஸ்திரேலியா இன்னும் அவற்றோடு மல்லுக்கட்டுகிறது. கலிஃபோர்னியாவில் 2000-இல் இதே பாசி தலைகாட்டியதும் தார்ப்பாய் போர்த்தி உள்ளே குளோரின் செலுத்தினார்கள். அழகான வழியில்லை, ஆனால் 2006-இல் ஒழிந்தது.