ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இருந்த பராம்பா சட்டமன்றத் தொகுதி என்ன ஆனது?

சுருக்கமாகச் சொன்னால், 2001 தேர்தலோடு பராம்பா ஒழிந்தது. பழைய நனாங்கோ தொகுதி அதே வட்டாரத்தில் திரும்ப வந்தது.

கதை 1949-இல் தொடங்குகிறது. அன்றைய தொழிற்கட்சி அரசு மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, நகரத்துக்கு வெளியே குறைந்த வாக்காளர்களோடே ஒரு தொகுதி அமைய வழிசெய்தது. அந்த மறுவரையறையில் பிறந்ததுதான் பராம்பா. நிலக்கடலைக்குப் பேர்போன கிங்கராய் அதன் முக்கிய ஊர். அங்கே கடலை விவசாயம் செய்த ஜோ பெல்கி-பீட்டர்சன், அதுவரை நனாங்கோ உறுப்பினராக இருந்தவர், 1950 முதல் 1987 வரை பராம்பாவை விடவே இல்லை. அதில் 1968 முதல் முதல்வரும் அவரே. நகரத்துக்கு வெளியே வலுவாக இருந்த அவரது கட்சிக்கு அந்த மண்டல முறை கைகொடுத்தது. தொழிற்கட்சி வெட்டிய மண்டலக் கிணற்றில் பிறகு அதே கட்சி பல ஆண்டுகள் தவித்தது; எனக்கு இதுதான் சுவையான பகுதி.

பெல்கி-பீட்டர்சன் விலகியபின் 1988 இடைத்தேர்தலில் அவரது நேஷனல் கட்சி அந்தக் கோட்டையிலேயே தோற்றது. வேறு கட்சியின் சார்பில் வென்ற டிரெவர் பெரெட் பிறகு அதே நேஷனல் கட்சியில் போய்ச் சேர்ந்தார் (இங்கேயும் கட்சித் தாவல் உண்டு!). 1998-இல் அவரை ஒன் நேஷன் கட்சியின் டோரத்தி பிராட் தோற்கடித்தார். பிராட் அந்தக் கட்சியை விட்டு விலகி, 2001-இல் புதிய நனாங்கோவில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார்.